கீழே பார்க்காமல் ஒரு படி

இறக்கோணும், அவ்வளவுதான் வேலை. வலது காலை இந்த மரப்பெட்டி மேல ஊனிக்கிட்டு, இடது காலை முன்னால நீட்டி, குதிகாலை மெதுவா தரைக்கு இறக்கோணும், தொட்டும் தொடாமத் தொட்டுட்டுத் திரும்ப மேல எடுத்துக்கோணும். பெட்டி என்ன பெரிய உசரமா, ஒரு சாண் கூட இருக்காது, எங்க வீட்டு வாசப்படியே இதைவிட உசரம். அதுல தினம் ஏறி எறங்கறவன்தானே தண்டபாணி நீ, இங்க வந்து நடுங்கறே? "கீழ பாக்காதீங்க சார், எதிர்ல சுவத்தப் பாருங்க" அப்படீங்குது ரெஜினா. பிசியோ டாக்டர், ஆனா பாக்கறதுக்குக் காலேஜுக்குப் போற புள்ளையாட்டம் இருக்குது. சுவத்துல என்ன இருக்குது பாக்கறதுக்கு? ஒரு எலும்புக்கூடு படம், முட்டி மட்டும் செக்கச்செவேல்னு. வலிக்குதுன்னு வர்றவன் கண்ணுக்கு நேரா இதைக் கொண்டாந்து மாட்டியிருக்கறாங்களே, கொஞ்சமாச்சும் அறிவு வேண்டாம்? முட்டிவலி பாக்கற எடத்தையே மாடியில வெச்சிருக்கறாங்க, லிஃப்ட் கெடையாது, கேட்டா படி ஏறி வர்றதே பாதி பரிசோதனைதானுங்க சார்னு இந்தப் புள்ள சிரிக்குது. சிரிக்கட்டும். நான் கீழதான் பாக்கறேன். பாக்காம இருக்க முடியல. வலது கால் பெட்டி மேலதான் இருக்குது, அஞ்சு விரலும் இருக்குது, கட்டைவிரல் நகம் வெட்டாம கெடக்குது, இருக்கட்டும். கண்ணை எடுத்துச் சுவத்தப் பாத்தேன். எடுத்த உடனே ஒரு சந்தேகம். கால் அங்க இருக்குதா? பெட்டி ஓரத்துக்கு நகந்துட்டுதா? திரும்பக் குனிஞ்சு பாக்கறேன். வெச்ச எடத்துலதான் இருக்குது.

வலது முட்டியும் வலிக்குது, அதையும் சொல்லோணும். முட்டிச் சில்லுக்கு அடியில, யாரோ மணலை அள்ளிப் போட்டாப்புல. சைக்கிள்ல மேடு ஏறும்போதுதான் மொதல்ல வந்தது, மாதம்பட்டி தாண்டி ஒரு சின்ன ஏத்தம். அப்பறம் படி எறங்கும்போது வந்தது, அப்பறம் சினிமாவுக்குப் போய் உக்காந்து எந்திரிச்சா வந்தது. எலும்பு டாக்டர் ஒருத்தர் படம் எடுத்துப் பாத்துட்டு, செல்போனை நோண்டிக்கிட்டே "தேய்மானம்"னு ஒரே வார்த்தை சொன்னாரு. வீட்டுல எரியற பல்பு ஃபியூஸ் போச்சுன்னு சொல்றாப்புல சொன்னாரு. நான் பம்ப் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கறவன், எனக்கா தேய்மானம் தெரியாது? பேரிங் தேஞ்சா சத்தம் வரும், சூடேறும், அப்பறம் ஒரு நாள் ஷாஃப்ட்டையே புடிச்சுத் திருகிக்கிட்டு நிக்கும். மாத்து பேரிங் என் அலமாரியில இருக்கும், எடுத்துக் குடுப்பேன். முட்டிக்கு எந்த அலமாரி? அன்னையில இருந்து நான் முட்டியை மிச்சம் புடிச்சேன். படி ஏறினா எடது காலையே மொதல்ல வெச்சேன், கீழ விழுந்த பேனாவ எடுக்கறதுக்குக்கூட ஆளைக் கூப்பிட்டேன், நடந்தா வலதுல பாரம் போடாம ஒரு சாய்சல் நடை. இருக்கறது இவ்வளவுதான், செலவழிக்காம வெச்சா கொஞ்ச நாள் கூட வரும்னு ஒரு கணக்கு. ரெஜினா அதைக் கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்காத கொறை. "முட்டி பேரிங் இல்லைங்க சார், வேலை குடுத்தாத்தான் அது தேறும், சும்மா வெச்சாத்தான் கெடும்"னுது. செரி, நல்ல வார்த்தை, மனசுக்கு ஆறுதலாத்தான் இருந்தது. அப்பறம்தான் அந்தத் தையக்காரன் டேப்பை எடுத்துத் தொடையச் சுத்துச்சு. எடதுல ஒருக்கா, வலதுல ஒருக்கா. "வலது தொடை மெலிஞ்சிருக்குதுங்க சார், நல்லாவே தெரியுது" அப்படின்னுது. பொறகு ஏதேதோ சொல்லுச்சு, சதைக்கு வேலை இல்லாததுனால, பயிற்சி பண்ணினா ஏறிக்கும்னு. எனக்கு அது எதுவும் காதுல ஏறல. மெலிஞ்சிருக்குதுங்கறதோட என் காது அடைச்சுப் போச்சு.

ஏன்னா எங்க அண்ணனுக்கும் அப்படித்தான். ரத்தினசாமி, எனக்கு மூத்தவரு, அடுத்த வீதியிலதான் வீடு. அவருக்கும் சுகர், எனக்கும் சுகர், எங்கப்பன் எங்களுக்கு எழுதி வெச்ச சொத்து அது ஒன்னுதான். அண்ணனுக்குக் கால் ஆடுசதை மெலிஞ்சு வேட்டி கட்டினாக் குச்சியாட்டம் தெரிஞ்சது, எல்லாரும் வயசுன்னு சொன்னோம், நானும்தான் சொன்னேன். அப்பறம் அவிநாசியில ஒறம்பரைச் சொந்தம் ஒருத்தர் வீட்டுக் கல்யாணம். சாப்புட்டு வெளிய வந்தோம், வெயில்னா அப்படி ஒரு வெயில், தார் ரோடு எளகிக் கெடக்குது. காரு தூரத்துல நிக்குது. அண்ணன் பேசிக்கிட்டே நடக்கறாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரசத்துல உப்பு இல்லைன்னு கொறை சொல்லிக்கிட்டு, கை வீசிக்கிட்டு. பின்னால வந்த அண்ணன் சம்சாரம், எங்க நங்கை, "ஏனுங்க, செருப்பெங்க?"ன்னுது. பாத்தா எடது கால்ல மட்டும்தான் செருப்பு இருக்குது. வலதுச் செருப்பு மண்டபத்து வாசல்லயே கழண்டு கெடக்குது. அவ்வளவு தூரம் அந்தத் தாருல வெறுங்கால்ல, சூடே தெரியாம நடந்து வந்திருக்கறாரு. அண்ணன் குனிஞ்சு காலைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. வேற யாரோ ஒருத்தர் காலைப் பாக்கறாப்புல பாத்தாரு. சிரிச்சாரு கூட, "அட, விட்டுட்டு வந்துட்டேன் போ"ன்னாரு. நாங்களும் சிரிச்சோம். மறுநாள் உள்ளங்கால் பூரா கொப்புளம். கொப்புளம் புண்ணாச்சு, புண்ணு ஆறல, விரல் ஒன்னு போச்சு, பொறகு இன்னொன்னு, அப்பறம் முட்டிக்குக் கீழ காலையே எடுத்தாங்க. எத்தனை சீக்கிரம் நடந்துச்சு அத்தனையும். எம் பொண்டாட்டி சாந்தாமணிதான் நங்கைகூட ஆஸ்பத்திரியில இருந்து புண்ணுக்குத் துணி மாத்தினா. நான் அந்த ரூமுக்குள்ள காலே வெக்கல. வெளிய பெஞ்சுல உக்காந்து எங் காலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"சார், நின்னுட்டீங்களே. மூச்சை விட்டுக்கிட்டே எறங்குங்க." எறங்கறேன் அம்மணி, எறங்கறேன். எறங்கத்தானே வந்திருக்கறேன். இதுக்குத்தானே சைக்கிளே வாங்கினேன். எங்க சைக்கிள் கும்பல்ல மத்தவனெல்லாம் தொப்பை கொறைக்க வந்தான், போட்டோ போட வந்தான், வீட்டுல இருந்து தப்பிக்க வந்தான். நான் காலைக் காப்பாத்த வந்தேன், அதை எவன்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கெழமை விடியக்காலம் பேரூர்ல கூடி, சிறுவாணி ரோட்டுல போய், ஆலாந்துறை பேக்கரியில டீக் குடிச்சுட்டுத் திரும்புவோம். எனக்குச் சக்கரை இல்லாத டீ, அதுல ஒரு வீராப்பு. மிதிக்க மிதிக்கச் சுகர் எறங்குச்சு, பொய் இல்லை, மாத்திரையே ஒன்னு கொறைச்சாங்க. எறங்கின சுகரைப் பாத்து நான் சின்னப்பையனாட்டம் துள்ளினேன். அந்த மிதிதான் என்னையும் அண்ணனையும் பிரிக்கற ஒரே கோடு. முட்டி நின்னா மிதி நிக்கும், மிதி நின்னா சுகர் ஏறும், சுகர் ஏறினா? ஐயோ, அதுக்கு மேல நெனைக்க வேண்டாம். ஆனா இந்தப் பாழாப்போன மனசு அதுக்கு மேலதான் நெனைக்குது. கோயில் தேரை விட்டாப்புல அந்த ஒரே வீதியில சுத்திச் சுத்தி அங்கியே வந்து நிக்குது.

முட்டிவலிக்குக் காரணம் எனக்குத் தெரியும். அதுதான் பெரிய கூத்து. சீட்டு. என் சைக்கிள்ல சீட்டு தாழ இருக்குது. எங்க கும்பல்ல நூல் யாவாரம் பண்ற சதாசிவம் பாத்த மொத நாளே சொன்னான், "என்ன தண்டபாணி, தவளை உக்காந்தாப்புல மிதிக்கறே? தூக்கிப் போடுப்பா சீட்டை"ன்னு. கடைக்காரனும் தூக்கி வெச்சுத்தான் குடுத்தான். சீட்டு உசந்தா காலு நல்லா நீளும், முட்டி ரொம்ப மடங்காது, வலிக்காது. எல்லாம் செரி. ஆனா உசந்த சீட்டுல உக்காந்து வண்டிய நிறுத்தினா தரையில கட்டைவிரல் நுனிதான் படும். நுனி பட்டா எப்படி நம்பறது? பட்டுதா படலியான்னு எவன் சொல்லுவான்? எனக்கு ரெண்டு உள்ளங்காலும் தரையில முழுசாப் பதியோணும், பதிஞ்சு அமுங்கோணும், அப்பத்தான் உசுரு வரும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு நானே சீட்டை எறக்கினேன். ஒவ்வொரு தடவையும் அவனுக ஏத்துவானுக, நான் எறக்குவேன். போன மாசம் ரெஜினா, "சைக்கிள் மிதிக்கறதைப் பக்கவாட்டுல வீடியோ எடுத்து அனுப்புங்க சார், சீட்டு உசரம் பாக்கோணும்"னுது. நான் என்ன பண்ணினேன்? வீடியோவுக்காகச் சீட்டை ஏத்தினேன். நெசமாத்தான். பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்புல, நல்லா ஏத்தி, சாந்தாமணிய எடுக்கச் சொல்லி, அனுப்பிட்டு, திரும்ப எறக்கிட்டேன். இந்தப் புள்ள வீடியோவப் பாத்துட்டு "உசரம் சரியாத்தானே இருக்குது, அப்பறம் ஏன் வலி கொறையல?"ன்னு மண்டையக் குடையுது. ரப்பர் பட்டையக் கட்டிக் காலைத் தூக்கச் சொல்லுது, சுவத்துல சாஞ்சு நாற்காலி இல்லாம உக்காரச் சொல்லுது, இப்ப இந்தப் பெட்டி. பாவம், அதும்பேர்ல என்ன தப்பு.

எறங்குது. எடது குதிகால் எறங்குது, வலது முட்டி மடங்குது, தொடை வெடவெடன்னு ஆடுது, ஆடறது பலவீனமா பயமா தெரியல. நான் கீழதான் பாக்கறேன். ராத்திரி பகல் எனக்கு இதே வேலை. குளிக்கும்போது வெந்நிய மொதல்ல கையிலதான் ஊத்திப் பாப்பேன், கால்ல ஊத்த மாட்டேன். ஆபீஸ்ல மேசைக்கடியில ஷூவக் கழட்டி, பேனா முனையில ஒவ்வொரு விரலாக் குத்திப் பாப்பேன். தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்ச சந்தோசம் ஒரு நிமிசம் கூட நிக்காது, அதுக்குள்ள ஒரு கேள்வி வந்துரும். குத்தறதும் நான், குத்து வாங்கறதும் நான், எந்த விரல்ல குத்தப் போறேன்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சு போயிருது. அப்ப தெரிஞ்சது காலுக்கா, கைக்கா? அண்ணனும் இப்படித்தான் தெரியுது தெரியுதுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருப்பாரோ? வேற ஒருத்தர் தொட்டாத்தான் உண்மை தெரியும். ஒரு நாள் சாந்தாமணிகிட்ட, "நான் கண்ணை மூடிக்கறேன், என் காலைச் சித்தெத் தொடு"ன்னேன். "எதுக்கு?"ன்னா. அந்த ஒரு வார்த்தையைக் கேக்கும்போதே அவ மூஞ்சி மாறிப் போச்சு, அந்தக் கட்டுத்துணி எல்லாம் அவ கண்ணுல வந்து நின்னுது. "சும்மாதான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

"சார்." ரெஜினா எம் பக்கத்துல வந்து நிக்குது. "சார், நீங்க முட்டிக்குப் பயப்படல." நான் பெட்டியில இருந்து எறங்கப் பாத்தேன். "முட்டிக்குப் பயப்படறவங்க முட்டியப் பாப்பாங்க. நீங்க பாதத்தையே பாக்கறீங்க. வந்த நாள்ல இருந்து பாக்கறேன், எந்தப் பயிற்சி சொன்னாலும் பாதத்தையே பாக்கறீங்க. என்னங்க சார்?" அதெல்லாம் ஒன்னுமில்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். அட கெரகமே, இத்தனை வயசுக்கு மேல ஒரு புள்ள முன்னாடி நின்னு அழுகறதா? அழுகல, ஆனா பேச்சு ஒழுங்கா வரல. செருப்பச் சொன்னேன், தாருல நடந்ததைச் சொன்னேன், அண்ணன் இப்பக் கட்டக்கால் மாட்டி நடக்கறதைச் சொன்னேன், தொடை மெலிஞ்சிருக்குதுன்னு நீ சொன்னதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலைன்னு சொன்னேன். சீட்டையும் சொல்லிட்டேன், வீடியோவையும். அது என்னைத் திட்டும்னு பாத்தேன். திட்டல. "சார், உங்க தொடை மெலிஞ்சது நீங்க அந்தக் காலுக்கு வேலை குடுக்காததுனால. அதை நான் நூறு பேர்கிட்டப் பாத்திருக்கறேன். ஆனா பாதத்துல உணர்ச்சி இருக்குதா இல்லையாங்கறது வேற கேள்வி. அதை வாய்ல சொல்லித் தீக்க முடியாது, பாத்துருவோம். இப்பவே பாத்துருவோம்"னுது. இப்பவேவா? இன்னொரு நாள் வெச்சுக்கலாமேம்மா, சாயந்தரம் ஒரு சோலி இருக்குது, பில் கூட இன்னும் கட்டல. நான் சொல்லச் சொல்லவே அது என்னைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டுது. இத்தனை நாளும் யாராச்சும் பாக்க மாட்டாங்களான்னு ஏங்கினவன்தான். பாக்க ஆள் வந்ததும் எந்திரிச்சு ஓடலாம்னு இருக்குது.

கையில ஒரு குச்சி, அதும் முனையில நைலான் நரம்பு, மீன் புடிக்கற தூண்டில் நரம்பாட்டம் மெல்லிசா. "கண்ணை மூடிக்கோங்க. இது எங்க படுதோ அந்த எடத்தைச் சொல்லுங்க, அவ்வளவுதான்." மூடிட்டேன். எடது கால்தான் மொதல்ல. குதிகால்னேன், கரெக்டுங்குது. நடுப்பாதம்னேன், கட்டைவிரல்னேன், எல்லாம் கரெக்ட். எடது எனக்கு எப்பவும் விசுவாசமானது, அதுகிட்ட எனக்குப் பயமில்ல. "இப்ப வலது." இருட்டு. கீழ ரோட்டுல ஒரு பஸ்ஸு ஹாரன் அடிக்குது, பக்கத்து ரூம்ல யாரோ ஒரு அம்மா முனகிக்கிட்டே மூச்சை விடுது, மேல ஃபேன் டக்கு டக்குன்னு ஒரு பக்கம் இழுத்துச் சுத்துது. கால்ல ஒன்னும் இல்ல. இன்னும் ஒன்னும் இல்ல. தொடறதுக்கு இவ்வளவு நேரமா? எடதுல இவ்வளவு நேரம் ஆகல. தொட்டுட்டுதா? தொட்டுக்கிட்டுத்தான் இருக்குதா? அந்த நரம்பு இப்ப என் விரல்ல வளைஞ்சு நிக்குது, அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, பாவம்னு நெனைச்சுக்கிட்டு, சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்குது, எனக்குத்தான் தெரியல. தாரு. கொதிக்கற தாரு. கை வீசிக்கிட்டு நடக்கறாரு எங்கண்ணன், ரசத்துல உப்பு இல்லைங்கறாரு. ஐயோ, சொல்லுடா, ஏதாச்சும் சொல்லு, கட்டைவிரல், கட்டைவிரல்தான், நிச்சயமா கட்டைவிரல்தான். "கட்டைவிரல்! கட்டைவிரல்ல படுதும்மா!" கத்தியே விட்டேன், பக்கத்து ரூம்ல முனகற சத்தம் நின்னு போச்சு. ரெஜினா மெதுவா, "நான் இன்னும் தொடவே இல்லைங்க சார்" அப்படின்னுது.

கண்ணைத் தொறக்கல. தொறந்தா அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கோணும். "எனக்குப் பயமா இருக்குது அம்மணி" அப்படின்னேன். இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லாதது அது, சாந்தாமணிகிட்டக்கூட. "தெரியுதுங்க சார். அவசரமில்ல. தெரிஞ்சாச் சொல்லுங்க, தெரியலைன்னா சும்மா இருங்க. எது வந்தாலும் அதுக்கு மேல என்ன பண்றதுன்னு பாத்துக்கலாம்." சும்மா இருக்கறேன். சும்மா இருக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பயிற்சி போல. கட்டைவிரலையே காவல் காக்கறேன், உசுரு பூராவும் அங்க போய் உக்காந்துக்கிச்சு, அங்கதான் வரும், எடதுக்கும் கடைசியில அங்கதானே வந்தது. அங்க ஒன்னும் இல்ல. அங்க ஒன்னுமே இல்ல. போச்சு. எல்லாம் போச்சு. அப்ப, வேற எங்கியோ, நான் நெனைக்கவே நெனைக்காத ஒரு எடத்துல, சுண்டுவிரலுக்குக் கீழ, எறும்பு ஒன்னு வாய் வெச்சாப்புல. இதுவும் என் மனசு பண்ற வேலையா? இல்ல, நான் கட்டைவிரல்லதானே காத்துக்கிட்டு இருந்தேன், இங்க நான் யாரையும் கூப்புடலியே. அது அமுங்குது. லேசா வளையுது. எனக்கு வெளிய இருந்து வருது, வேற ஒரு கையில இருந்து வருது. இன்னும் மீதி எடமெல்லாம் இருக்குது, குதிகால் இருக்குது, கட்டைவிரல் இருக்குது, அதுல எது போயிருக்குதோ எது இருக்குதோ. "சார்? ஏதாச்சும் தெரியுதுங்களா?" வாயைத் தொறந்தா அழுதுருவேன் போல இருக்குது. "சுண்டுவிரலுக்குக் கீழ"ன்னேன். "ஆமாங்க சார், கரெக்ட்." "எடுத்துராத அம்மணி"ன்னேன். "சித்தெ நேரம் அங்கியே வெச்சிரு."